மேகமலை இறக்கத்தில் என் வலது கை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கும் ஒரு பழைய ஜீப்பில், இடது கையால் முன்கம்பியையும் மனதால் குலதெய்வத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டியது என் மகள்.

பயம் என்றால் என்ன என்று எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ... அன்றைக்கு எனக்கு அத்தனையும் மலர்வளையமாகவே தெரிந்தன.

இந்த வினையை விலை கொடுத்து வாங்கியது நானேதான்.

கம்பத்தில் எங்களுக்கு ஒரு பழைய ஜீப் கிளப் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு மலை ஏறுவோம். இறங்கும்போது ஒரு போட்டி. குறித்த நேரத்துக்குச் சரியாக அடிவாரம் வந்து சேர வேண்டும். முந்தினாலும் மைனஸ், பிந்தினாலும் மைனஸ். மெம்பர்கள் பதினோரு பேர். அதில் இளைஞன் நான்தான்! மீட்டிங்கில் கார்புரேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பிப்போம். முழங்கால் வலியில் வந்து முடிப்போம்.

செயலாளர் தங்கவேல் அண்ணன் திராட்சை வியாபாரி. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: “இப்பிடியே போனா, ஜீப்பு ஸ்டார்ட் ஆகலேன்னா தள்ளக்கூட ஆளு இருக்காதுப்பா. இளவட்டங்கள உள்ள இழுக்கணும்.”

நான்தான் நோட்டீஸ் எழுதினேன். ‘வாருங்கள் இளைஞர்களே, மலை அழைக்கிறது!’ கல்லூரி வாசல், பேக்கரி, ஒர்க்‌ஷாப் என்று ஒட்டினோம். நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியிலும் ஒரு முறை அதைப் பற்றி வீராவேசமாக எழுதினேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஒரே ஒருத்திதான் வந்தாள். நிவேதா. என் மகள்.

இருபத்தைந்து வயது. கம்பத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. நான் வெளியூர் போன நாட்களிலெல்லாம் என் ஜீப்பையே எடுத்து ஓட்டிப் பழகியிருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை.

“வேணாம் ஆத்தா, மலைப் பாதை...” என்று இழுத்தேன்.

மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்: “ஊரான் வீட்டுப் பிள்ளைகள வாங்க வாங்கன்னு கூப்பிட்டீகல்ல? நம்ம பிள்ளை வந்தா மட்டும் ஏன் மூஞ்சி இப்பிடிப் போகுது?”

விவசாயத்துக்கு இளைஞர்கள் திரும்ப வேண்டும் என்று மேடையில் பேசுகிற எத்தனை பேர் தங்கள் மகனை வயலில் இறக்குகிறார்கள்? நமக்கு இளைஞர்கள் வேண்டும்தான் — அடுத்த வீட்டு இளைஞர்கள்!

சரி, இறக்கத்துக்கு வருகிறேன்.

“மெதுவா ஆத்தா... அங்கன பாரு, பஸ்ஸு!”

“பாத்துட்டேன்ப்பா.”

“ஹாரன் அடி.”

“அடிச்சுட்டேன்ப்பா.”

எங்கள் கிளப் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவோம். பெட்ரோல் மிச்சம், இன்ஜினும் கத்தாது. தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் செய்வோம். இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம்தான்.

நிவேதா அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது கியரிலேயே இறங்கினாள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த உறுமல் இருக்கிறதே... என் நெஞ்சுக்குள் யாரோ ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல் இருந்தது. இன்ஜின் வெடித்துவிடும், இவள் பயந்துவிடுவாள், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

ஒரு நேர்ப் பாதையில் மூன்றாவதுக்கு மாற்றினாள். கீழே வளைவில் பனிமூட்டம். மறுபடி இரண்டாவதுக்கு வர க்ளட்சை மிதித்தாள். அந்த நொடியில் என் வலது கை, என்னைக் கேட்காமலே, கியர் லீவரைத் தட்டி நியூட்ரலில் விட்டது.

உறுமல் நின்றது. ஜீப் பிடியில்லாமல் ஓட ஆரம்பித்தது.

“அப்பா... என்ன செஞ்சீக?”

அவள் பிரேக்கை மிதித்தாள். பழைய பிரேக், பாதிதான் கேட்டது. பனிக்குள் வளைவின் தடுப்புச் சுவர் எங்களை நோக்கி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

அவள் என் கையைப் பிடித்துத் தள்ளினாள். பிரேக்கை இரண்டு முறை விட்டு மிதித்து, இன்ஜினை ஒரு உறுமு உறுமவிட்டு, கியரை இரண்டாவதில் குத்தினாள். ஜீப் முன்னால் குனிந்து குலுங்கியது. சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

கருகல் வாடை அடித்தது. நிவேதா பள்ளத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் உறைத்தது: அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் இவ்வளவு நேரம் ஒழுங்காக ஓட்டியிருக்கிறாள். என் பயம்தான் அவளைக் கொல்லப் பார்த்தது.

“பிரேக்கு ஆறட்டும்ப்பா” என்றாள். இறங்கிச் சுவரில் உட்கார்ந்தோம். நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அடிவாரத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தோம். “என்னப்பா இம்புட்டு நேரம்?” என்றார் தங்கவேல் அண்ணன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பத்துப் பேரும் அவரவர் வலது கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்று எத்தனை மீட்டிங் போட்டோம்! வந்தால் எங்கள் கையை எங்கே வைப்பது என்று ஒரு மீட்டிங்கிலாவது பேசினோமா?

வீட்டுக்கு வந்ததும் மெல்லக் கேட்டேன்: “இனிமே போக மாட்டேல்ல, ஆத்தா?”

“அடுத்த மாசமும் நாந்தேன் ஓட்டுவேன். நீங்களும் வாங்க.”

“எனக்குப் பயமா இருக்கே...”

“பயப்படுங்கப்பா. கைய மடியில வச்சுக்கிட்டுப் பயப்படுங்க.”