'அப்பகுதி மக்கள்' என்று எழுதிவிட்டேன்

பொன்னேரியில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர் நான். பழவேற்காட்டைப் பற்றி எழுதவேண்டும் என்றால் கோட்டைக்குப்பம் ஏகாம்பரம் அண்ணனிடம்தான் ஓடுவேன். முகத்துவாரம் எங்கெல்லாம் இடம் மாறியது, எந்தக் குப்பம் எங்கிருந்து பெயர்ந்து வந்தது என்று வலையைப் பிரித்தபடியே சொல்வார். நோட்டு நோட்டாக எழுதியும் வைத்திருந்தார்.

போன வருடம் அவர் இறந்துபோனார். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருக்கு ஒரு பக்கம் எழுதினேன். 'இவர் வரலாற்று ஆய்வாளர் என்பதற்குப் பத்திரிகைச் சான்று தேவை, இல்லையேல் நீக்கப்படும்' என்று குறிப்பு வந்தது.

சான்றுக்கா பஞ்சம் என்று என் பழைய செய்திகளைப் புரட்டினேன். அவர் சொன்னதெல்லாம் இருந்தது. அவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றிலும் 'அப்பகுதி மக்கள் கூறுகின்றனர்' என்றே எழுதியிருந்தேன்.

ஒருநாள் டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, அப்பகுதி மக்கள்னு போட்டுக்கிறியே, அது நான்தானே?" என்று அவர் சிரித்தது ஞாபகம் வந்தது. அன்று நானும் சிரித்தேன்.

பக்கத்தை நீக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் மற்றதைக் கேட்கிறேன். போன வாரம் இறால் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "எம்பேரு இன்னாத்துக்கு சார்?" என்றார்.

"பின்னாடி கேப்பாங்கம்மா" என்றேன்.