நீரூற்றில் வந்த கெண்டைக் குஞ்சு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெரிய பூங்கா ஒன்று இருந்தது. ஊரில் பார்க்கு என்பார்கள். அறுபதுகளில் நான் அங்கே தோட்ட வேலை செய்தேன். நிரந்தரம் இல்லை. தினக்கூலி ஆள்.

நான் தேவனாம்பட்டினத்துக்காரன். கடல் வேலைதான் தெரியும். வலைக்கயிறு அறுத்து வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. கடலில் அந்தக் கையை நம்ப முடியாது. அண்ணன் படகில் எனக்கு இடம் இல்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் நானே கரைக்கு வந்துவிட்டேன். பார்க்கு மேஸ்திரிக்கு மரம் ஏறவும் முடிச்சுப் போடவும் ஆள் தேவைப்பட்டது. ஊஞ்சல் கயிறு நான் கட்டியது. மான் கூண்டுக் கம்பிக்கு மேலே வலை நான் போட்டது. எட்டு விரல் அதற்குப் போதும்.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்த இடம் ஒரு துரையின் குதிரைகள் மேய்ந்த இடமாம். கிணறு குதிரைக்குத் தண்ணீர் காட்ட வெட்டியது. தூங்குமூஞ்சி மரங்களும் அவர் வைத்தவைதான். வாசல் பக்கம் ஒரு கல் நட்டிருக்கும். மேலே இங்கிலீஷில் எழுத்து. யாராவது கேட்டால், பூப் பறிக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது என்பேன். சனமும் நம்பிப் பறிக்காமல் போகும். ஒருநாள் ஒரு வாத்தியார் நின்று படித்தார். துரையின் குதிரையைப் புதைத்த கல்லாம். அதற்குப் பிறகும் நான் பூப் பறிக்கக் கூடாது என்றுதான் சொல்லிவந்தேன். குதிரைக்கும் அதில் வருத்தம் இருக்காது.

சாயங்காலம் ஆனால் பார்க்கு நிறைந்துவிடும். நடுவில் ஒரு சின்ன மண்டபம், அதற்குள் ரேடியோப் பெட்டி, உச்சியில் குழாய் ஒலிபெருக்கி. செய்தி சொல்லும்போது பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லாம் வாய் மூடி உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு வந்ததும் பேச ஆரம்பிப்பார்கள். இரண்டு மான். ஒரு மயில், அது யாருக்கும் தோகை விரிக்காது. சறுக்குமரம். அல்லிக்குளம். இத்தனை இருந்தும் பிள்ளைகள் முதலில் ஓடுவது நீரூற்றுக்குத்தான். அதில் தண்ணீர் வராது. நான் பிறந்ததிலிருந்தே வந்ததில்லை. பிள்ளைகள் ஓடுவது தலையில்லாக் கொக்கைப் பார்க்க.

அந்த நீரூற்று கப்பலில் வந்தது. முழுக்க இரும்பு. நாலு கொக்கு நாலு பக்கம் நிற்கும், நடுவில் பித்தளைப் பூ. பெரிய கப்பல் கரைக்கு வராது. எங்கள் சனம்தான் படகு கொண்டுபோய் இறக்கினார்கள். அலையில் ஒரு கொக்கு கடலுக்குள் போய்விட்டது. மூன்று நாள் முங்கித் தேடியதில் உடம்பு கிடைத்தது, தலை கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் கேட்டால், அது கடலுக்குப் போகவேண்டிய பங்கு என்பார்கள்.

இப்போது பெண் பார்க்கப் போனதைச் சொல்ல வேண்டும்.

பெண் வீடு சிதம்பரம். அப்பா கருவாட்டுக் கடை வைத்திருந்தார். முன்பு கிள்ளைப் பக்கம் கடலோரத்தில் சொந்தப் படகோடு இருந்தவர். மூத்த பெண்ணைக் கட்டிய மருமகன் ஒரு புயலில் போனான், திரும்பவில்லை. அந்த மாதமே படகை விற்றுவிட்டுச் சிதம்பரம் வந்து சேர்ந்தார். சின்னப் பெண்ணைக் கடலுக்குப் போகிறவனுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு. கரையில் நிரந்தர வேலை வேண்டும். நல்ல இடம் இரண்டு வந்து, இதைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

நானும் அம்மாவும் அண்ணனும் பாசஞ்சர் ரயிலில் போனோம். மூத்த பெண் சுவரோரம் உட்கார்ந்து கருவாடு அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவளைப் பார்த்ததும் அவர் முடிவு சரிதான் என்று எனக்குப் பட்டது.

அவர் கேட்டது ஒரே கேள்வி. வேலை நிலையானதா? இல்லை என்றேன். நீரூற்றைச் சரிசெய்கிறார்கள், காணும் பொங்கலுக்குத் திறக்கப்போகிறார்கள், அது நல்லபடி நடந்தால் என் பேரை நிரந்தரத்துக்கு எழுதுவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

"காணும் பொங்கலுக்கு நாங்களே வரோம். பாத்துட்டு சொல்றேன்."

தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்த பெண் உள்ளே போகாமல் நின்றாள்.

"தண்ணி நெசமாவே மேல போவுமா?"

"போவும். ரெண்டு ஆள் ஒசரம்."

அம்மா என் முதுகில் கிள்ளினாள். பெண் பார்க்கப் போன இடத்தில் அளவு சொல்லக் கூடாதாம்.

பார்க்குக் கிணற்றில் கவலை இறைப்பு. மாடு பூட்டி, சால் என்கிற பெரிய வாளியில் தண்ணீர் எடுத்து, மேட்டில் இருக்கிற தொட்டியில் கொட்டுவோம். தொட்டியிலிருந்து குழாய் இறங்கி நீரூற்றுக்குப் போகும். மாட்டுக்காரன் எனக்குச் சினேகிதன். என்னைவிட அவன் மாடுகளோடுதான் அதிகம் பேசுவான்.

ஐப்பசி மழையில் கிணறு பொங்கியது. தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. மருந்து போட வேண்டும் என்றார் மேஸ்திரி. மருந்து வரவில்லை. எங்கள் ஊரில் கிணற்றில் புழு கண்டால் மீனை விடுவோம். மீன் தின்று தீர்த்துவிடும். நான் கெடிலம் ஆற்றிலிருந்து ஒரு பானை கெண்டை பிடித்து வந்து கிணற்றில் விட்டேன். மாட்டுக்காரனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது? பத்து நாளில் புழு இல்லை. மேஸ்திரி மருந்தை மறந்துபோனார்.

மார்கழியில் குழாய் மாற்றினார்கள். தொட்டியில் குழாய் வாய்க்குள் குப்பை போகாமல் ஏதாவது கட்டு என்றார் மேஸ்திரி. வீட்டில் கிடந்த வலையில் ஒரு துண்டு அறுத்து, நாலு மடிப்பாகக் கூட மடிக்காமல், அப்படியே இழுத்துக் கட்டினேன். இலை போகாது. சுள்ளி போகாது. நல்ல முடிச்சு. போகிக்கு முதல் நாள் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். பித்தளைப் பூ இருபது கம்பியாகத் தண்ணீர் தெளித்தது. நானும் மாட்டுக்காரனும் நனைந்துகொண்டே நின்றோம்.

"மச்சான், ஒனக்குக் கல்யாணந்தான்" என்றான்.

காணும் பொங்கல் அன்று விடிந்ததிலிருந்து மாடு நிற்கவில்லை. தொட்டி விளிம்பு வரை நிரம்பியது. கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் சனம் வந்தது. மேல்பட்டாம்பாக்கம் பக்கமிருந்து கூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டுச்சோறு, கரும்பு, புதுத்துணி. மான் அன்றைக்குத் தின்ற கரும்புத் தோகைக்கு அளவில்லை. மயில் கூட்டத்தைப் பார்த்து மரத்தில் ஏறிக்கொண்டது. சிதம்பரத்துக்காரர் குடும்பத்தோடு வந்தார். மூத்த பெண்ணும் வந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இரண்டாவது வரிசையில் நின்றார்கள்.

நகராட்சி சேர்மன் வந்து குழாய்ச் சக்கரத்தைத் திருகினார். தண்ணீர் முழங்கால் உயரம் எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் கணுக்கால் உயரம் ஆயிற்று. பிறகு பூவிலிருந்து எச்சில் மாதிரி வடிந்தது. பிறகு அதுவும் இல்லை. ரேடியோ மட்டும் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழைத் தண்ணீர் நின்ற நீரூற்றுத் தொட்டிக்குள் இறங்கினேன். பூவின் ஓட்டையில் என்னவோ துருத்திக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தேன். வால். அடுத்த ஓட்டையிலும் வால். எல்லா ஓட்டையிலும் கெண்டைக் குஞ்சு.

கிணற்று மீன் குஞ்சு பொரித்திருக்கிறது. அடித்தண்ணீரை இறைத்ததில் சாலோடு மேலே வந்திருக்கிறது. வலைக்கண் வழியாகக் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

கரையில் மேஸ்திரிக்கு வேர்த்துக்கொட்டியது. அவர் சேர்மனிடம் திரும்பி, மாட்டுக்காரன் சாலைக் கழுவாமல் இறைத்துவிட்டான், குப்பை அடைத்துவிட்டது என்றார். மாட்டுக்காரன் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். அவன் எனக்காகப் பேசாமல் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். மீனைப் பற்றி அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சால் அவனுடையது.

இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். சிதம்பரத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரம் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று நினைத்தேன். கையிலிருந்த குஞ்சைத் தூக்கிக் காட்டினேன்.

"குப்ப இல்லிங்கய்யா. மீன் குஞ்சு. கெணத்துல நான்தான் வுட்டன்."

சேர்மன் எட்டிக் குஞ்சைப் பார்த்தார். ஒரு பிள்ளை, மீனாம், மீனாம் என்று கத்தியது.

பூவைக் கழற்றிவிட்டால் தண்ணீர் வரும். திருகினேன். மடங்காத விரல் வழுக்கியது. மறுபடி திருகினேன். அசையவில்லை. பின்னால் தண்ணீரில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. சிதம்பரத்துக்காரர் புதுவேட்டியோடு முழங்கால் தண்ணீரில் நின்றார். தோள் துண்டை எடுத்துப் பூவில் சுற்றினார்.

"அந்தப் பக்கம் புடி தம்பி."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திருகு. பூ கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் எழுந்தது. தென்னை மரம் தடிமனுக்கு ஒரே தூண். அதற்குள் கெண்டைக் குஞ்சுகள். வெயிலில் வெள்ளிக்காசு மாதிரி மேலே போய்க் கொக்குகளின் மேல் விழுந்தன. தலையில்லாக் கொக்கின் கழுத்துக் குழியில் ஒன்று விழுந்து துள்ளியது. பிள்ளைகள் அதற்குமேல் யார் சொல்லையும் கேட்கவில்லை. எல்லாம் நீரூற்றுத் தொட்டிக்குள். பெண்கள் முந்தானையில் மீன் பிடித்தார்கள். பென்ஷன்காரர் ஒருவர் குடையைத் திருப்பிப் பிடித்தார். சேர்மன் சட்டை முழுக்க நனைந்தது. அவர் முதலில் முகத்தைத் துடைத்தார், பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. மேஸ்திரி அவர் சிரிக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு தானும் சிரித்தார். மீனை எல்லாம் பிடித்து அல்லிக்குளத்தில் விடச் சொன்னார் சேர்மன். பிள்ளைகள் பார்க்கட்டும் என்றார்.

கூட்டத்தில் மூத்த பெண்ணைப் பார்த்தேன். கரையில் குனிந்து ஒரு பிள்ளைக்கு மீன் பிடிக்கக் கை குவித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்துக்காரரைக் காணவில்லை. மேட்டில் தொட்டிமேல் ஏறி நின்றார். நானும் ஏறினேன். தண்ணீர் வடிந்து வலை தெரிந்தது. அவர் வலைக்கண்ணில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வெரல் போவுது."

"ஆமாம் மாமா."

"குப்பைக்குக் கட்ற வல. சின்னக் கண்ணா கட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

அப்போதுதான் எனக்கே அது தோன்றியது. வலை என்றால் குஞ்சு தப்பிப்போகக் கண் வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அதைவிடச் சின்னக் கண் கட்டியதில்லை.

"சின்னக் கண்ணுல குஞ்சு மாட்டிக்குமே மாமா."

அவர் கீழே தண்ணீரைப் பார்த்தார்.

"அதான். எவன் கட்டுவான்" என்றார். நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டார். "மாசியில வச்சுக்கலாம்."

"வேல இன்னும் நெலையாவுல மாமா."

"காயிதம் வரப்ப வரட்டும். மாட்டுக்காரன் தலையில போடாம நின்ன பாரு, எனக்கு அது போதும்."

இறங்கி வந்தோம். சின்னவள் மான் கூண்டுப் பக்கம் நின்றாள். புடவை நனைந்திருந்தது. முந்தானையில் எதையோ இறுக்கி முடிந்து வைத்திருந்தாள். அது துடித்தது.

"ரெண்டு ஆள் ஒசரம்னீங்க. ஒரு ஆள் ஒசரந்தான் போச்சு."

"ஆமாம்."

"மீனு வரும்னு சொல்லவே இல்லியே."

நான் அல்லிக்குளத்தைக் காட்டினேன். அவள் போய் முடிச்சை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தாள்.

மாசியில் கல்யாணம். நிரந்தரக் காகிதம் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான் வந்தது. தொட்டி வாயில் தகரச் சல்லடை வைத்தார்கள். பித்தளைப் பூவைத் திரும்ப மாட்டினோம், இருபது கம்பியும் ஒழுங்காகத் தெளித்தது. ஆனால் சனத்துக்கு அது பற்றவில்லை. அடுத்த காணும் பொங்கலுக்கு வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டார்கள். அதனால் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பூவைக் கழற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. நான் ஒரு பக்கம் பிடிப்பேன். மாமனார் சிதம்பரத்திலிருந்து வந்து துண்டைச் சுற்றி மறுபக்கம் பிடிப்பார். தொட்டிச் சல்லடையை முதல் நாளே கழற்றி வைத்துவிடுவது என் வீட்டுக்காரியின் வேலை.