'டீப் வாட்டர்' படுத்திய பாடு

ஹோட்டல் வேலைக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இலக்கணம் அவ்வளவு மோசமில்லை, மரபுத்தொடர்தான் உயிரை வாங்கும் என்பது, என்னைப் போல் தொண்டை கிழியக் கத்தும் ஆசிரியர்களான உங்களுக்கும் தெரிந்ததுதான்.

வட்டைக்குள் வெள்ளம்

'இன் டீப் வாட்டர்' என்றால் ஆழத் தண்ணீரில் நிற்பதல்ல, இக்கட்டில் மாட்டிக்கொள்வது என்று அரை மணி நேரம் விளக்கினேன். கிரான் ஊரில் வேளாண்மை செய்யும் குடும்பத்து யோகன் கையைத் தூக்கினான். "வயல் வட்டைக்குள்ள ஆழத்தண்ணி நிண்டா நாங்களும் இக்கட்டிலதான் டீச்சர். இதுக்கு ஏன் இங்கிலீசு?"

கழுத்தில் வளையம்

அதே வகுப்பில் படிக்கும் ஓட்டமாவடி ரிஸ்வான் பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டலொன்றில் உயிர்காப்பாளன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். வரவேற்பறையில் பாஸ்போர்ட்டைத் தொலைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கதிரையில் உட்கார்ந்து, "ஐ ஆம் இன் டீப் வாட்டர்" என்று போனில் புலம்பியிருக்கிறார். இவன் ஓடிப்போய் மிதவை வளையத்தை அவர் கழுத்தில் மாட்டிவிட்டான்!

இன்னொரு பிழை விட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவன் சம்பளத்தை நம்பி வீட்டில் ஐந்து பேர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை தரம் சொல்லியுமா என்று கத்தினேன். அவன் தலையைச் சொறிந்தான். "நானும் யோசிச்சன்தான் டீச்சர், கதிரையில இருக்கிற மனிசன் எப்பிடித் தண்ணிக்குள்ள தாண்டு போவான் எண்டு."

'டீப் வாட்டர் என்றால் தண்ணீர் அல்ல' என்று ஐம்பது தரம் எழுத வைத்தேன்.

இரண்டு கேள்வி

பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். அதை நம்பி, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பிரெஞ்சு அம்மா அதையும் தாண்டிப் போய்விட்டார். கால் நிலத்தில் படவில்லை. "டீப் வாட்டர்! டீப் வாட்டர்!" என்று கத்தினார். ரிஸ்வான் இடுப்பளவுத் தண்ணீர்வரை போய் நின்று, நான் பழக்கிய மரியாதையோடு, "வாட் இஸ் யுவர் ப்ராப்ளம், மேடம்?" என்று கேட்டான். மறுபடியும் கேட்டான். தலை உள்ளே போனதைக் கண்ட பிறகுதான் பாய்ந்தான்.

நல்ல காலம், இழுத்து வந்துவிட்டான். அந்த அம்மா இவனைக் கட்டிப்பிடித்து அழுததில் மேனேஜர் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். தொதல் இனிப்போடு வந்து அவன்தான் இதைச் சொன்னான். "நீங்க எழுத வெச்சபடியாத்தான் டீச்சர் ரெண்டு தரம் கேட்டன். மூணாந்தரமும் கேட்டிருந்தா அந்த மனிசி மௌத்து."

இப்போதெல்லாம் அந்தத் தொடரைச் சொல்லிக்கொடுக்குமுன், ஆள் நனைந்திருக்கிறாரா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன்.