எனக்கும் சேர்த்துச் சுற்றிவிட்டு வா!

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவரின் அண்ணன் வேலைக்குப் போகிற அவசரத்தில் ரயில்வே பாலத்தின் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காரியம் முடிந்த கையோடு இவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம், சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது என்றார். ராத்திரியில் போட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் நடக்கவும் சொன்னார்.

மாத்திரையை இவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நடைதான் வம்பு! "ஆபீசுக்கு பீச் ஸ்டேஷன் வரைக்கும் டிரெயின்ல நின்னுக்கிட்டே போறேனே, அது போதாதா?" என்பார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பயத்தில், தெருமுனைப் பிள்ளையாரைத் தினமும் நூற்றெட்டு முறை சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன். மழையோ பனியோ, விடிந்ததும் கிளம்பிவிடுவேன். இவர் பேப்பரும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் சேர்த்து நல்லா சுத்திட்டு வா" என்று வழியனுப்புவார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் ரத்தப் பரிசோதனை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கொலஸ்ட்ரால் இறங்கியிருக்கு சார். ஆனா சர்க்கரை ஏறியிருக்கு, தொப்பையும் அப்படியே இருக்கு. நடக்கறீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

இவர் கொஞ்சமும் கூசாமல், "எனக்காக இவ தினமும் கோயில்ல நடக்கறா டாக்டர்" என்றார்.

"அப்போ மாத்திரையையும் அவங்களே போட்டுக்கட்டுமே?"

"அது எப்படி டாக்டர், உடம்பு என்னுதாச்சே..." என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். மாத்திரை செய்கிற வேலை வேறு, நடை செய்கிற வேலை வேறு, உங்கள் உடம்புக்கு இரண்டுமே வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் வரும்போது அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். "உங்க அண்ணி தனியா நிக்கிற மாதிரி என்னால நிக்க முடியாதுங்க" என்றேன். இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் எனக்கு முன்னால் நிற்கிறார்! கோயிலில் நாலு சுற்றுக்குள் வேர்த்துக் கொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சுற்றுகளை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனோம். அப்புறம் விமானப்படைச் சாலை வரைக்கும் நடந்தோம். மாத்திரையையும் விடவில்லை. அடுத்தடுத்த பரிசோதனைகளில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது.

இப்போதும் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமா?" என்று இவர் வாசலிலிருந்து குரல் கொடுக்கும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வரும். இவருக்காக நான் வேண்டிக்கொள்ளலாம், அழலாம், எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். இவருக்கு வாங்க வேண்டிய மூச்சை மட்டும் இவரேதான் வாங்க வேண்டும்.