குட்டி சொன்னது மட்டும்

டேய் மக்களே, கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனில ஏசி ரூம்ல உக்காந்து தூங்குறவங்களே, சிரிக்காதீங்க. காலேஜ பாதில விட்டவனுக்கும் ஸ்கூல் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் குடுத்தாங்க. எந்தக் குழந்தைக்காவது ஆபத்தோன்னு டீச்சர்மாருக்கு சந்தேகம் வந்தா அத டைப் பண்ணி வைக்கணும். வாய மூடத் தெரிஞ்சவன் பாக்குற வேலை, மாட்டுனது நானு.

கும்பகர்ணன்

மொத நாளே ஒரு டீச்சர் எழுதிக் குடுத்தாங்க: "பையன் மடியன், கிளாஸ்ல எப்பவும் தூக்கம்." சோம்பேறின்னே எழுதியாச்சு, நான் சும்மா இருப்பனா? "கும்பகர்ணன் பரம்பரை"ன்னு சேர்த்து அடிச்சேன். கவுன்சிலர் பிந்து சேச்சி பாத்தாங்க. அவன் ராத்திரி ஏன் தூங்கலன்னு டீச்சரும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

"மடியன்ங்கறது டீச்சரோட அபிப்ராயம், கும்பகர்ணன் உன்னோடது. இதுல குட்டி எங்கடா மோனே?" குட்டின்னா இங்க குழந்தை; குழந்தை சொன்னது மட்டும்தான் ரெக்கார்டுல வரணுமாம்.

உண்ணியப்பம்

"வேன்ல முன் சீட்ல உக்கார மாட்டேன்"னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. அப்படியே டைப் பண்ணேன். அடுத்த வாரம் டிரைவர் வேற ஆளு! நடுவுல என்ன ஆச்சு? எனக்கு மண்டை வெடிக்குது. பழவங்காடி பிள்ளையார் கோயில் பக்கம் போய் சூடா உண்ணியப்பம் வாங்கி சேச்சி முன்னால வச்சேன். ஒண்ணு விடாம தின்னாங்க.

"அப்பம் கொள்ளாம், நல்ல ருசி. டிரைவர் மாறியாச்சு, உனக்கு அது போதும் கேட்டோ."

தலையாட்டல்

செல்வம், ரெண்டாங்கிளாஸ். அவங்கப்பா தென்காசிப் பக்கத்துலருந்து விழிஞ்ஞத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவரு. பையன் கையில நீலமா கன்னிப் போயிருந்துச்சு. சேச்சி போன்ல இருந்தாங்க, அதனால டீச்சர் அவன எங்கிட்ட உக்கார வச்சுட்டுப் போனாங்க. நாம பதில எடுத்துக் குடுத்துக் கேட்கக் கூடாது, அவனா சொல்ற வரைக்கும் காத்திருக்கணும், அதான் சட்டம். எனக்கு நாக்கு நிக்குமா? "யாருடா, அப்பாவா அடிச்சாரு?" தலையாட்டுனான். கள்ளனப் பிடிச்ச மாதிரி சேச்சி ரூமுக்கு ஓடுனேன்.

சேச்சி வந்து தரையில உக்காந்தாங்க. "என்ன ஆச்சுன்னு நீயே சொல்லு மோனே." அவ்வளவுதான் கேட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அவன் வாய் திறந்தான்: வேன்ல ஜன்னல் சீட்டுக்காகப் பெரிய பசங்க கைய முறுக்குறாங்க, தினமும். அப்பாகிட்ட சொன்னா வேலைய விட்டுட்டு சண்டைக்கு வந்துருவாருன்னு மறைச்சிருக்கான்.

அந்தத் தலையாட்டல நம்பியிருந்தா, சாயங்காலம் அந்த மனுஷன் போலீஸ் ஸ்டேஷன்ல நின்னுருப்பாரு. "நீ கேட்டதையும் அப்படியே அடி"ன்னாங்க சேச்சி. அடிச்சுக்கிட்டே, அப்பவும் அடங்காம, "அப்ப ஏண்டா தலையாட்டுன?"ன்னேன்.

"நீங்கதான அண்ணே அப்படிக் கேட்டீங்க!"

இன்னைக்கும் அந்த ரெக்கார்டத் திறந்தா இருக்கு மக்களே: அப்பா பேச்ச மொதல்ல எடுத்தது செல்வம் இல்ல, நான்.