பேரம் பேசாத துணி

உஸ்பெகிஸ்தானின் கோகந்து சந்தையில் துணிக்கடை வைத்திருந்த ஹோஷிம்ஜான், மீட்டர் இருபதாயிரம் சோம் அடக்கமாகும் துணிக்கு வாய் கூசாமல் நாற்பது என்பார். வருகிறவர்கள் வாயடித்து இருபத்தைந்துக்கு இறக்கி, அவரையே ஏமாற்றிவிட்ட பூரிப்பில் வாங்கிப் போவார்கள். எதிர்க்கடை நிக்மத் ஒருமுறை நியாய விலையை எழுதித் தொங்கவிட்டான். குறைக்காத கடையில் நமக்கென்ன வேலை என்று ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"ஜனங்களுக்குத் துணியாடா வேணும்? ஜெயிச்சுட்டோம்ங்கிற நினைப்புதான் வேணும்," என்று ஹோஷிம்ஜான் அவனைக் கிண்டல் செய்வார்.

பனி கொட்டிய ஒரு காலையில் மமசோலி வந்தான். கடைகளுக்குத் துணி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் இழுத்து வருபவன். கால் கிலோ வெங்காயத்துக்கே தொண்டை வற்றப் பேரம் பேசுகிற ஆள்.

"வெள்ளைத் துணி பன்னிரண்டு மீட்டர் வேணும்ண்ணே."

"என்னடா, மெத்தை தைக்கப் போறியா? மீட்டர் நாப்பதாயிரம்."

மமசோலி சற்று நின்று, பேரம் பேசாமல் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். ஹோஷிம்ஜான் பணத்தைப் பார்த்தாரே தவிர அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று யார் முகத்தில் விழித்தோமோ என்று மகிழ்ந்துபோனார்.

மதியம் நிக்மத் கடையை அடைத்துவிட்டு வந்தான்.

"மமசோலி பொண்டாட்டி பிரசவத்துல போயிட்டாளாம். அடக்கத்துக்கு நீங்க வரலையா?"

ஹோஷிம்ஜான் காலையில் வாங்கிய பணத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். இறந்தவரைச் சுற்றி அடக்கம் செய்யும் கபன் துணிக்கு அந்த ஊரில் யாரும் பேரம் பேசமாட்டார்கள். இறந்தவருக்கே விலை பேசியதுபோல் ஆகிவிடும். அதனாலேயே கடைக்காரர்களும் அதற்கு அசல் விலையைத்தான் சொல்வார்கள். வெள்ளை, பன்னிரண்டு மீட்டர் என்றதுமே புரிந்திருக்க வேண்டாமா? எதற்கு என்று ஒரு வார்த்தை பொறுமையாகக் கேட்டிருக்கக் கூடாதா? பாழாய்ப்போன நாக்கு, பழக்கத்தில் நாற்பது என்றுவிட்டது.

அடக்கம் முடிந்ததும், கூடுதலாக வாங்கிய பணத்தோடு மமசோலியைத் தனியே அழைத்தார்.

"தெரியாம சொல்லிட்டேன்டா. இத வாங்கிக்க."

"வேணாம்ண்ணே. திருப்பி வாங்கினா அவளுக்குப் பேரம் பேசின மாதிரி ஆயிடும்."

"அதோட விலை இருபதுதான்டா."

"உங்க கடைக்கு மூட்டை இழுக்கிறவனுக்கு அது தெரியாதாண்ணே? வாய் திறந்து கேக்க முடியல. நீங்களா குறைப்பீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன்."