நைட்ரேட்டை ஏற்றுவது யார்?

இந்த சீசன் தொடங்கிய புதிது. சாரல் களைகட்டியிருந்தது. ஊர் உலகமெல்லாம் குற்றாலத்தில் அருவித் தண்ணீருக்குக் கியூவில் நிற்க, தென்காசியில் என் பக்கத்து வீட்டு ஜீனத் மட்டும் பக்கெட் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

ஊறுகாய்க்கு இல்லை... மீனுக்கு!

அவர் கணவர் சாகுல் துபாயில் வேலை பார்க்கிறார். போன லீவில் வந்தவர், ஹாலில் ஒரு குட்டிக் கடலையே அமைத்துவிட்டுப் போனார். பெரிய கண்ணாடித் தொட்டி, ஆரஞ்சு நிற மீன்கள், உயிருள்ள பவளங்கள். தானாகவே இரை போட ஒரு டப்பா, பக்கத்தில் ஒரு கேமரா. அங்கிருந்தே பார்த்துக்கொள்வாராம்.

இப்போது பவளங்கள் பழுப்பேறிச் சுருங்கிக்கொண்டிருந்தன.

"நைட்ரேட் ஏறிப்போச்சு அண்ணாச்சி. போன் போட்டாலே ஏச்சு! நாந்தான் இரையை அள்ளிப் போடுதேனாம். டப்பாவை நிரப்புததோட சரி, நான் ஒண்ணும் போடுதது இல்ல. அவுக லீவுக்கு வாரதுக்குள்ள இதுவ செத்துப்போச்சுன்னா என் மேலதான பழி?" என்றார் ஜீனத்.

அதென்ன நைட்ரேட்? விசாரித்தேன். தின்றது போக மிஞ்சிய இரையும் மீனின் கழிவும் தண்ணீரில் மக்கி நைட்ரேட் ஆகிவிடுமாம். மீன் ஓரளவு தாங்கும், பவளம் தாங்காது. வழி? இரையைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். ஜீனத்தும் மாற்றுகிறார், மாற்றுகிறார்... நைட்ரேட் அளவைக் காட்டும் டெஸ்ட் கிட்டில் சிவப்பு மட்டும் இறங்கவே இல்லை.

அப்படியானால் கூடுதல் இரை எங்கிருந்து வருகிறது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டீ வந்தது. பாதி குடிப்பதற்குள் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். டப்பா சுழன்று இரையைக் கொட்டியது. மீன்கள் மேலே பாய்ந்து வந்தன.

"காலைல மட்டுந்தான போடும்? அப்படித்தான் செட் பண்ணிருக்குன்னு சொன்னாவ!"

ஜீனத் சொல்லி வாய் மூடவில்லை... மறுபடியும் கிர்ர்!

டைமர் கோளாறு என்று சாகுலுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். மனிதர் முதலில் மழுப்பினார். அப்புறம் குரல் இறங்கியது.

"நாந்தான்... என் போன்ல அதுக்குப் பட்டன் இருக்கு. ரூம்ல தனியாச் சாப்பிட உக்காந்தா ஒரு மாதிரி இருக்கும். நீ வேலையா இருப்ப. பட்டனை அமுக்குனா அதுவளாவது கேமரா பக்கம் ஓடி வருதுவல்லா..."

செய்யாத தப்புக்கு இத்தனை நாள் ஏச்சு வாங்கியவர் ஜீனத். இன்று சண்டைதான் என்று டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

"இனி அந்தப் பட்டனை அமுக்காதிய. எனக்குப் போன் போடுங்க. நான் ஓடி வாரேன்."

நாங்கள் கோளாறைத் தொட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தோம். அதுவோ துபாயில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

இப்போது டெஸ்ட் கிட்டில் சிவப்பு மங்கி இளம் ரோஸுக்கு வந்துவிட்டது. பவளங்களும் மெல்ல விரிகின்றன.

ஜீனத்தின் போன்தான்... எப்போது அடித்தாலும் பிஸி!